முகத்துவாரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டை

சென்னை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே, உடைந்த பாலத்துக்குக் கிழக்கே, அடையாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்திட்டு உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் மணல்.

ஆனால் திபெத், லடாக் மேட்டுநிலங்களில் குஞ்சு பொரிக்கும் மணல் உப்புக்கொத்திப் பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகின்றன. ஆர்க்டிக் பக்கமிருந்து கொசு உள்ளான் வருகிறது; அது வழக்கமாக 30 கிராம்கூடத் தேறாது. தண்ணீர் வடிந்தால் இவற்றுக்குச் சேற்றில் இரை. ஏற்றத்தில் சேறு மூழ்கியதும் எல்லாம் திட்டுக்கு வந்து, காற்றைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நிற்கும். ஆள் நெருங்கினால் மடக்கிய காலை இறக்காமலே தத்தித் தத்தி நகரும். அவ்வளவு சோம்பல்!

அப்போது பார்த்துத்தான் பைக்குகள் வரும். ஈர மணலில் ஒரு வட்டம், ஒரு வீடியோ. மொத்தக் கூட்டமும் எழும்பிக் கடல்மேல் சுற்றிவிட்டு இறங்கும். இறங்கியதும் அடுத்த பைக். மார்ச், ஏப்ரலில் இதுதான் பெரிய சேதம். ஊர் திரும்பும் முன் உடம்பில் கொழுப்பு ஏற்ற வேண்டிய நாட்கள் அவை. ஏற்றியதை இங்கேயே பறந்து தீர்த்துவிட்டால் இமயத்தை எதைக் கொண்டு தாண்டுவது?

வலை வீசுகிறவர் பக்கத்தில் போனால் பறவைகள் பத்தடி விலகி நிற்கும், அவ்வளவுதான். மீனவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. தடுத்தால் எதிர்த்தும் எழுதுவேன்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி மாவட்டக் குழுவுக்குத் தலைவர் நீங்கள். பாரம்பரியக் கடலோர மக்களில் மூவராவது அதில் இருக்க வேண்டும். அவர்களைக் கேட்டு, வண்டி மணலில் இறங்கும் இடங்களில் தடுப்புக் கட்டை போடுங்கள். முகத்துவாரம் தூர்வாரும்போது அள்ளும் மணலைச் சேற்றுப்பரப்பில் கொட்டவிடாதீர்கள். தயவுசெய்து இதைப் பூங்காவாக்கி, சிமென்ட் கொக்கு வைத்து, செல்ஃபி மேடை கட்டிவிட வேண்டாம்.

உப்புக்கொத்திகளில் முந்துகிறவை ஆகஸ்டிலேயே வந்துவிடும். ஆகவே ஜூலைக்குள் குழுவைக் கூட்டினால் நல்லது.

இப்படிக்கு,
அடையாற்றுக் கரையில் பறவை பார்ப்பவன்