முதலில் ஈரம், கடைசியில் வண்ணம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. வீட்டுப் பற்றாக்குறை குறித்த ஆய்வுரைகளில் இந்த எண் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அவ்வீடுகளுள் ஒன்றின் பூட்டைத் திறந்து உள்ளே செல்பவர் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. ஆனேக்கல் வட்டத்தில் அது இன்று ஏட்டளவிலான கேள்வியன்று. சந்தாபுரா, அத்திப்பள்ளி, சர்ஜாபுரா சாலைகளை ஒட்டி முதலீட்டுக்கென வாங்கப்பட்டுக் கவனிப்பாரற்றுப் போன அடுக்குமாடி வீடுகள் உள்ளன. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. சர்ஜாபுராவை ஒட்டி அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இயங்குகிறது. நகரின் நடுவே வாடகை கொடுக்க இயலாத இளம் ஆசிரியரும் ஆய்வாளரும் இவ்வீடுகளை நாடுவது இயல்பே.

அவர்களிடம் இல்லாதவை இரண்டு: நேரமும் அனுபவமும். பருவத் தேர்வுக்கும் அடுத்த பருவத்துக்கும் இடையிலான சில வாரங்களே கிடைக்கும். இந்த இல்லாமையைத்தான் சந்தை விற்பனைப் பொருளாக்குகிறது. இத்தனை நாளில் சமையலறை, இத்தனை நாளில் பொய்க்கூரை, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்கிறது. அனுபவமற்றவர் தமக்குக் கிடைத்த சொற்ப நேரத்தையெல்லாம் அலமாரியின் நிறத்தையும் டைல்ஸின் பளபளப்பையும் தேர்ந்தெடுப்பதில் செலவிட்டுவிடுகிறார். அடுத்த மழையில் சுவரில் உப்புப் பூக்கிறது. புதிய வண்ணம் செதில் செதிலாக உதிர்கிறது. நேரமில்லாதவருக்கு ஏற்ற திட்டம் வேறு. கண்ணுக்குத் தெரியாத ஈரத்தையும் மின்கம்பியையும் குழாயையும் முதலில் முடித்துவிட்டு, மற்றவற்றை அரைகுறையாகவே விட்டுக் குடிபுக வேண்டும்.

அரைகுறை என்ற சொல் பலருக்கு உறுத்தும். ஆயினும் ஸ்டூவர்ட் பிராண்ட் 1994இல் வெளியிட்ட 'ஹவ் பில்டிங்ஸ் லேர்ன்' நூல், ஒரு கட்டிடத்தின் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் மாறுகின்றன என்பதை விரிவாகக் காட்டியது. தூணும் தளமும் தலைமுறைக் கணக்கில் நிற்பவை; குழாயும் கம்பியும் அதைவிட விரைவில் தேய்பவை; அறைகலன்கள் விரும்பியபோது இடம்பெயர்பவை. மெதுவாக மாறும் அடுக்கின் பழுதை விரைவாக மாறும் அடுக்கால் மூடினால், பின்னால் இரண்டையும் உடைக்க நேரும். நம் கோயில் மரபும் இதை அறிந்திருந்தது. ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி; அது நடக்கும்போது இறைவனைச் சிறியதொரு பாலாலயத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு மூலக் கட்டிடத்தைச் செப்பனிடுவார்கள். தெய்வமே சில மாதம் சிற்றறையில் இருக்கலாமென்றால், உதவிப் பேராசிரியர் ஒரு படுக்கையறையில் பெட்டி படுக்கையுடன் இருப்பதில் இழிவொன்றுமில்லை.

முதல் வாரம் எதையும் வாங்காமல் பார்ப்பதற்கு மட்டுமே உரியது. பார்ப்பதற்கும் முறை உண்டு. குளியலறையின் கழிவுநீர்த் துளையை அடைத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி ஒருநாள் முழுதும் விட்டுவிட்டு, கீழ்வீட்டாரின் அனுமதியோடு அவர்களது மேற்கூரையைப் பார்க்க வேண்டும். கசிவு அங்கேதான் தெரியும். ஈரம் தோன்றும் சுவரில் ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீர்ந்துவிடும். தரை டைல்ஸை நாணயத்தால் தட்டினால், அடியில் கலவை பிடிக்காதவை பொள்ளலாக ஒலிக்கும். எல்லாச் சாதனங்களையும் நிறுத்திய பின்னும் மின்அளவி ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது. நிலைக்கதவின் அடிப்பகுதியைத் திருப்புளியால் குத்திப் பார்த்தால் கரையான் தெரிந்துவிடும். இவற்றுக்கு எந்த நிபுணத்துவமும் தேவையில்லை. மேற்கூரைக் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதென்றால் மட்டும் கொத்தனாரோடு நிற்காமல் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தே ஆகவேண்டும். அதன்மேல் சிமெண்ட் பூசி மறைப்பது வீட்டாருக்கும் மேல்வீட்டாருக்கும் செய்யும் துரோகம்.

ஆனேக்கலுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் மிகைச்சுரண்டலுக்கு உள்ளான வட்டங்களுள் ஒன்று இது. அடுக்ககங்கள் பெரிதும் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன. கடினநீர் குழாயின் உட்புறத்தில் வெண்படிவமாக இறுகிக் குழாய் வாயைச் சுருக்கிவிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், மாற்று ஆதாரம் இல்லாதபோது 600ஐ உச்சவரம்பாகவும் வைக்கிறது. புதிய ஷவருக்குப் பணம் கட்டுவதற்கு முன் நீரைப் பரிசோதிப்பது மலிவான முன்னெச்சரிக்கை.

சுருக்கவே முடியாத காலம் ஒன்றும் உண்டு. புதுப் பூச்சுக்கு ஒரு வாரமாவது நீர் தெளித்து ஆற்ற வேண்டும்; வண்ணம் ஏற்கும் அளவுக்கு அது உலரக் கிட்டத்தட்ட நான்கு வாரம் ஆகும். நாள் குறைவு என்று சொல்லி ஈரப் பூச்சின்மேல் பட்டி பார்க்கச் சொல்பவர்தான் மறு ஆண்டும் அதே செலவைச் செய்கிறார். பெங்களூருப் பகுதியில் மழை செப்டம்பர், அக்டோபரில் உச்சம் தொடுகிறது. மே மாத இடிமழையும் எளிதன்று. டிசம்பர் விடுமுறையில் குழாய், மின்கம்பி, நீர்க்கசிவுத் தடுப்பு ஆகியவற்றை முடித்துவிட்டு, ஒரு மழைக்காலம் அவ்வீட்டில் வாழ்ந்து பார்த்தபின் தச்சுவேலையையும் வண்ணத்தையும் தொடுவது மேல்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. தூசியை இருமுறை சகிக்க வேண்டும். சில்லறை வேலைக்கு ஆள் வருவதும் அரிது. இரண்டும் உண்மையே. ஆனால் வங்கித் தவணையையும் வாடகையையும் ஒருசேரக் கட்டுபவருக்கு விரைவில் குடிபுகுவதே பெரிய சேமிப்பு, அதற்கு அழகு காத்திருக்கலாம். ஆள் விஷயத்தில், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் கொத்தனார்களிடம் தமிழிலேயே பேசலாம் என்பது இவ்வெல்லைப் பகுதியின் வசதி. அவர்களிடம் எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன் எதை முதலில் செய்வீர்கள் என்று கேட்டால் பாதித் திட்டம் கிடைத்துவிடும். ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையை ஒரு மழை வரை நிறுத்திவைக்கலாம். சித்தாளின் நாட்கூலியை நிறுத்தக் கூடாது. இந்த வேறுபாடு படித்தவர்களுக்கே பல நேரம் புரிவதில்லை.

சுவரை உடைப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அண்மைக்கால அடுக்ககங்கள் பலவும் அலுமினிய அச்சு வைத்து வார்க்கப்பட்டவை. மைவான் என்று வழங்கும் இம்முறையில் சுவரே தூணின் வேலையைச் செய்கிறது. கம்பி புதைக்கக் காடி வெட்டுவதும் அங்கே ஆபத்து. 1972ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்கக உரிமைச் சட்டத்தின் அடிப்படையே, கட்டிடத்தின் உறுதி எவர் ஒருவரின் தனிச்சொத்தும் அன்று என்பதுதான். சங்கத்திடம் அனுமதி கேட்பதை வெறும் சம்பிரதாயமாகக் கருதுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

வாடகைக்கு வரும் மாணவர்கள் இவற்றைத் தங்கள் கைப்பணத்தில் செய்யக் கூடாது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணை, கட்டமைப்புப் பழுதையும் குழாய் மாற்றுவதையும் மின்கம்பி மாற்றுவதையும் உரிமையாளரின் கணக்கிலும், குழாய் வாஷர் போன்ற சிறுபழுதுகளை வாடகைதாரரின் கணக்கிலும் சேர்க்கிறது. மாதிரிச் சட்டம் தானாகவே எந்த மாநிலத்தையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அந்தப் பட்டியலை மேசைமேல் வைத்துப் பேச எந்தத் தடையும் இல்லை. அதற்கும் முன்னால், பூட்டிக் கிடந்த வீட்டில் கால் வைத்தவுடன் ஒவ்வொரு கழிவுநீர்த் துளையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். வளைகுழாயில் தேங்கியிருக்க வேண்டிய நீர் வற்றிப்போவதால்தான் அவ்வீடுகளில் சாக்கடை நாற்றமும் கரப்பானும் ஏறி வருகின்றன. வண்ணம் பூசுபவர் அதற்கு நறுமணத் திரவம் வாங்கச் சொல்வார்.