ஒற்றை இலையைப் பார்த்து மருந்து தெளிக்கலாமா?

பயிர் மஞ்சளித்தால் ஓர் இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவது தென்காசி வட்டார விவசாயிகளிடம் பழக்கமாகிவிட்டது. கடைக்காரர் இலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். ஒரு பூசணக்கொல்லி, ஒரு பூச்சிமருந்து, கூடவே ஒரு 'டானிக்' புட்டி. மூன்றில் ஒன்று பலிக்கும் என்பது கணக்கு. பலித்தால் எது பலித்தது என்று தெரியாது. பலிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறு மூன்று.

குறை முழுவதும் கடைக்காரருடையது அல்ல. இலையை நீட்டி "மருந்து கொடுங்க" என்று கேட்பவருக்கு, "மருந்து வேண்டாம், வயலில் தண்ணீரை வடியுங்கள்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்ப எந்தக் கடைக்காரருக்குத்தான் மனம் வரும்? இந்தக் கேள்வியைக் கடையில் கேட்பதே தவறு. வயலில் நின்று கேட்கவேண்டிய கேள்வி இது.

கிள்ளிய இலை பாதிச் சங்கதியைத்தான் சொல்லும். அது தூரின் அடியில் இருந்ததா, குருத்தை ஒட்டி இருந்ததா? வயல் முழுவதும் அப்படியா, மடைவாயில் மட்டுமா, பள்ளத்தில் திட்டுத்திட்டாகவா? வேர் எப்படி இருக்கிறது? இவை தெரியாமல் நோயா, சத்துக் குறையா என்று எந்த நிபுணராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

முதலில் பார்க்கவேண்டியது பழைய இலையா, புது இலையா என்பது. தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை பயிருக்குள் இடம் பெயரக்கூடியவை. இவை குறையும்போது பயிர் தன் பழைய இலையில் இருப்பதை எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே அடியிலை வாடும், குருத்து பச்சையாக நிற்கும். மணிச்சத்தும் இடம் பெயர்வதுதான். ஆனால் அது குறைந்தால் நெல் மஞ்சளிக்காது. கரும்பச்சையாகவே நின்று தூர் கட்டாமல் போகும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, போரான் ஆகியவை போய்ச் சேர்ந்த இடத்திலேயே தங்கிவிடுபவை. அவை குறைந்தால் குருத்துதான் முதலில் காட்டும். நகரங்களில் கண்ணாடித் தொட்டியில் மீனோடு நீர்ச்செடி வளர்ப்பவர்கள்கூட, இலை அழுகினால் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். அடியிலையில் ஓட்டை விழுந்தால் சாம்பல்சத்து, குருத்து வெளுத்தால் இரும்பு என்று சந்தேகிக்கிறார்கள். பொழுதுபோக்குக்கு வளர்ப்பவர் இவ்வளவு பார்க்கும்போது, வயிற்றுப்பாட்டுக்கு வளர்ப்பவர் பார்க்காமல் இருக்கலாமா?

நெல்லில் இந்தக் கணக்குக்கு எளிதில் அடங்காதது துத்தநாகக் குறை. நட்டு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இலையின் அடிப்பக்கத்து நடுநரம்பு வெளுக்கும். பிறகு துரு படிந்ததுபோல் பழுப்புத் திட்டுகள் விழும். பயிர் குட்டையாக, மேடு பள்ளமாக நிற்கும். வட இந்தியாவில் இமயமலை அடிவாரத்துத் தராய் பகுதியில் இதைக் 'கைரா' நோய் என்றார்கள். பந்த்நகர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒய்.எல். நேனே, இது கிருமியால் வரும் நோயே அல்ல, துத்தநாகக் குறை என்று 1966-இல் எடுத்துக்காட்டினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் துருவைக் கண்டால் பூசணக்கொல்லி வாங்குவது நின்றபாடில்லை.

குற்றாலம் மலைச்சரிவிலிருந்து இறங்கும் சிற்றாற்றுத் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் எடுக்கும் வயல்களில் இதைக் குறிப்பாகக் கவனிக்கவேண்டும். எப்போதும் நீர் கட்டிக் கிடக்கும் நிலத்தில் மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேருக்குக் கிட்டாமல் போகும். குளிர்ந்த நீரும், அளவுக்கு மீறிய மணிச்சத்தும் குறையை இன்னும் கூட்டும். சாரல் காலத்தில் வெயிலும் குறைவு. 'போன போகம் நன்றாக விளைந்ததே' என்று டி.ஏ.பி.யைக் கூட்டிப் போடுபவர், தாமே இந்தக் குறையை வரவழைத்துக்கொள்கிறார்.

செலவு பெரிதில்லை. நடவுக்குச் சற்று முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து மேலாகத் தூவினால் போதும். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் உரங்களோடு கலக்கக்கூடாது; கலந்தால் இரண்டும் கட்டிப்போய் பயன்படாது. நட்ட பிறகு குறை தெரிந்தால், 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா என்ற அளவில் தெளித்து, தேவையானால் 15 நாள் கழித்து மீண்டும் தெளிக்கலாம்.

இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. இலையின் நுனியும் ஓரமும் காய்ந்தால் சாம்பல்சத்துக் குறையாக இருக்கலாம். பாக்டீரியா இலைக்கருகலாகவும் இருக்கலாம். முன்னதற்குப் பொட்டாஷ் இடவேண்டும். பின்னதில் 'பயிர் வாடுகிறதே' என்று யூரியாவைத் தூக்கிப் போட்டால், நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான். இரண்டையும் பிரித்தறியக் காசு செலவில்லாத சோதனை இருக்கிறது. பச்சையும் காய்ந்ததும் சேரும் இடத்தில் இலையை விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் நிறுத்தவேண்டும். வெட்டுவாயிலிருந்து பால்போல் நூல்நூலாகக் கலங்கல் இறங்கினால் அது பாக்டீரியா. யூரியாவை நிறுத்தி, தண்ணீரை வடிக்கவேண்டும். அந்த வயல் நீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் பார்ப்பதும் அவசியம். வயலுக்கு வயல் மடைதிறந்து பாய்ச்சும் இடங்களில் ஒருவர் வீட்டு நோய் ஊர் நோயாவது இப்படித்தான்.

வேரையும் ஒருமுறை பிடுங்கிப் பார்க்கவேண்டும். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் எந்தப் புட்டியும் உதவாது. தண்ணீரை வடித்து, மண் மயிரிழை வெடிப்புக் காணும்வரை காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவதே மருந்து.

புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்களில் வேறு விதம். புதுத் தளிர் சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டு விழுந்தால் துத்தநாகம். தளிர் முழுவதும் வெளிறி நரம்பு மட்டும் வலைபோல் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. முதிர்ந்த இலையில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணமாக நின்றால் மக்னீசியம். துத்தநாகத்துக்கு 10 லிட்டர் நீரில் 50 கிராம் துத்தநாக சல்பேட், 25 கிராம் நீர்த்த சுண்ணாம்பு சேர்த்து, தளிர் விரிந்து முதிராமல் இருக்கும்போது தெளிக்கவேண்டும். முற்றிய இலையில் தெளிப்பது பெரும்பாலும் வீண். இதற்கு நேர்மாறாக, நரம்பு மஞ்சளாகி இடைப்பகுதி பச்சையாக இருந்தால் இலையை விட்டுவிட்டு அடிமரத்தைப் பார்க்கவேண்டும். பட்டையில் பிசின் வடிகிறதா, தூரில் மண் அணைந்து நீர் தேங்குகிறதா என்று பார்த்து, முதலில் அதைச் சரி செய்யவேண்டும்.

இவ்வளவையும் விவசாயி தலையில் மட்டும் கட்டிவிட்டு அரசு ஒதுங்கிவிட முடியாது. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் நல்ல திட்டம். துத்தநாகம், இரும்பு, போரான் உட்பட 12 விவரங்கள் அதில் உண்டு. ஆனால் முதல் சுற்றுகளில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்று எடுத்தார்கள். அதாவது ஆறு ஏக்கருக்கு மேல் ஒரு மாதிரி. 60 சென்ட் வைத்திருப்பவர் கையில் வந்தது அவர் மண்ணின் சங்கதியா, அடுத்தவர் மண்ணின் சங்கதியா? சிறு விவசாயிக்குத் தன் வயல் மண்ணுக்கே முடிவு வேண்டும். அதுவும் நடவுக்கு முன்பே வேண்டும். அறுவடைக்குப் பின் வரும் அட்டை பரணில்தான் கிடக்கும்.

அதோடு, அட்டையை வாசித்துச் சொல்ல ஆளும் வேண்டும். அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஊர்மேலழகியானில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, அது வரப்புக்கு வந்து சேரவில்லை. கார், பிசான நடவு முடிந்து 20-ஆம் நாள் வாக்கில், கூட்டுறவுச் சங்க வாசலில் ஒரு வேளாண் அலுவலர் ஒரு கண்ணாடித் தம்ளரும் ஒரு லென்சுமாக அரை நாள் உட்கார்ந்தால் போதும். விவசாயிகள் இலையைக் கிள்ளாமல், வேரோடும் மண்ணோடும் இரண்டு தூரை, நல்லது ஒன்று, கெட்டது ஒன்று என்று பிடுங்கிக்கொண்டு வரட்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. எதைத் தெளித்தாலும் வயலின் நடுவே நாலு முழ அகலத்துக்கு ஒரு பட்டையைத் தெளிக்காமல் விட்டு, இரு முனையிலும் குச்சி நட்டு வைக்கவேண்டும். பத்து, பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் தெளித்த இடத்துக்கும் தெளிக்காத இடத்துக்கும் வித்தியாசம் தெரியவேண்டும். தெரியவில்லையென்றால், அந்தப் புட்டியை அடுத்த போகத்தில் வாங்கவேண்டியதில்லை.