மௌனமா புனிதம்?

1980-ல் வந்த 'ஒரு தலை ராகம்' பற்றிப் பேச்செடுத்தால் என் வயதுக்காரர்கள் இன்றும் உருகிவிடுவார்கள். மாயவரம் பக்கம் எடுத்த படம். ரயிலில் கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைகள், ஏங்கும் ராஜா, வாய் திறக்காத சுபத்ரா. 1991-ல் 'இதயம்' வந்தபோது, கூச்சமே உருவான மருத்துவ மாணவராக முரளி. (அவர் பெயரும் ராஜாதான்!) "அதுவல்லவா காதல்" என்பார்கள்.

எனக்கு உடன்பாடில்லை. அங்கே காதல் மெல்ல வளரவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மெல்ல வளர்ந்ததை நம் வகுப்புகளிலேயே பார்த்திருப்போமே! முதல் வருஷம் முழுக்கத் தலை நிமிராத பையன் ரெக்கார்டு நோட்டு இரவல் கேட்பான். திருப்பித் தரும்போது பழுப்புத்தாள் அட்டை போட்டிருப்பான். "எதுக்கு இதெல்லாம்?" என்பாள் அவள். அன்றைக்கு அவ்வளவுதான். பிறகு லேபில் ஒரு சந்தேகம். பிறகொரு நாள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவனிடம்தான் முதலில் சொல்வாள். நாலே வார்த்தையானாலும் பேச்சு, பேச்சுதானே?

அந்த நாளில் பலர் வாய் திறக்காததற்குக் காரணம் புனிதமல்ல, பயம். நியாயமான பயம்தான். ஒரு கடிதம் பிடிபட்டால் பையனுக்கு நாலு அடி. பெண்ணுக்கோ படிப்பே நின்றுவிடும். அந்தக் காலத்தைத்தான் பேரப்பிள்ளைகளிடம் பொற்காலம் என்கிறோம்.

உங்கள் வீட்டிலும் கூச்சப்படும் பேரன் இருந்தால் ராஜாக்களை உதாரணம் காட்டாதீர்கள். கூடப் படிக்கும் பெண்ணிடம் சகஜமாகப் பேசட்டும். அவன் போனில் பேசும்போது ஒட்டுக்கேட்காமலும் இருங்கள். இது எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான்.