வருகை எங்கே முடிகிறது?

விமானத்தின் சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டதும் பயணம் முடிந்ததாக விமான நிறுவனம் கணக்கிடுகிறது. கடப்பிதழைச் சரிபார்த்து உள்ளே விட்டதும் வருகை முடிந்ததாகக் குடிநுழைவுத் துறை கணக்கிடுகிறது. பெட்டிகள் கைக்கு வந்ததும் விமான நிலையத்தின் வேலையும் முடிகிறது. புஞ்சாக் ஆலாமில் வாழும் ஒரு குடும்பத்தின் கணக்கு வேறு. பாட்டியைக் கட்டிலில் படுக்க வைத்து, உறங்கும் குழந்தையின் காலணியைக் கழற்றிய பிறகுதான் அவர்களுக்கு வருகை முடிகிறது. இடையில் கிடக்கும் தூரத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பேசியாக வேண்டும்.

சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு அனைத்துலக விமானங்கள் சுபாங்கில் வந்திறங்கின. 1965இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையம் புஞ்சாக் ஆலாமிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சிப்பாங்கோ 70 கிலோமீட்டருக்கும் அப்பால். கோலா சிலாங்கூர் நகரில் வாழ்வோருக்கு அது 90 கிலோமீட்டரையும் தாண்டும். வளரும் நாட்டிற்குப் பெரிய விமான நிலையம் தேவைப்பட்டது, அதில் ஐயமில்லை. ஆனால், அன்று முதல் வட சிலாங்கூர் மக்களுக்கு வானம் சற்றுத் தொலைவுக்குப் போய்விட்டது.

இவ்வட்டாரத்தில் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என எங்குச் சென்றாலும் தமிழ்நாட்டில் உறவினர் உள்ள குடும்பங்களைக் காணலாம். திருமணம், காதணி விழா, குலதெய்வ வழிபாடு, மருத்துவம் என்று ஆண்டு முழுவதும் போக்குவரத்து இருந்துகொண்டே இருக்கும். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் இங்கு வர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். நம் நாட்டு நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. திருச்சியில் இரவு 11 மணிக்குப் புறப்படுபவர் இங்கே விடியற்காலை 5:30 மணிக்கு இறங்குவார். அதாவது, ஓர் இரவுத் தூக்கம் முழுவதும் போய்விடும். பெரியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். எழுபது வயதுப் பாட்டியும் இரண்டு வயதுப் பேரனும் அந்த நிலையில்தான் குடிநுழைவு வரிசையில் போய் நிற்கிறார்கள்.

அந்த வரிசைகள் முன்பைவிட வேகமாக நகர்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மலேசியர்களுக்குத் தானியங்கி வாயில்கள் இருக்கின்றன. பல நாடுகளைச் சேர்ந்த பயணிகளுக்கும் அவை திறந்துவிடப்பட்டுள்ளன. கடப்பிதழை வைத்து, முகத்தைக் காட்டி, நடந்து போய்விடலாம். ஆனால், அந்த வாயில் ஒரு நேரத்தில் ஒருவர் நுழைவதற்காகவே செய்யப்பட்டது. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பெட்டியும் உள்ள தாய்க்கு அது பெரிய உதவியாக இல்லை. சக்கர நாற்காலியில் வரும் முதியவருக்கும் அப்படித்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டுக் கடப்பிதழின் அட்டை சிவப்பு. இந்தியக் கடப்பிதழின் அட்டை கருநீலம். தமிழ்நாட்டில் பெண் எடுத்த குடும்பங்களில் இவ்விரண்டு நிறங்களும் ஒரே பையில் இருக்கும். வரிசை என்று வரும்போது, கணவனும் பிள்ளையும் ஒரு பக்கம், மனைவியும் அவளுடைய தாயாரும் மறுபக்கம் என்று குடும்பம் பிரிந்துவிடுகிறது. முதலில் வெளியே வந்தவர்கள் காத்திருக்கிறார்கள். ஆக, ஒரு குடும்பத்தின் வேகம் அதன் கடைசி ஆளின் வேகமே. ஒவ்வொருவரும் எத்தனை நிமிடத்தில் கடந்தார் என்று அளந்து பார்த்தால் இந்த உண்மை கண்ணுக்குத் தெரியாது.

எனவே, குடும்பங்களுக்கென்று தனி வரிசை ஒன்று நிலையாக இயங்க வேண்டும். கூட்டம் பெருகும்போது அதிகாரி ஒருவர் மனமிரங்கி முன்னே அழைப்பது நல்ல குணம்தான். ஆனால், அதை நம்பி யாரும் பயணத்தைத் திட்டமிட முடியாது. ஐந்து பேர் ஒரே முகப்பில் ஒன்றாக நின்று, ஐந்து கடப்பிதழ்களையும் ஒருசேரக் கொடுத்து, ஒன்றாக வெளியேற வேண்டும். கடப்பிதழின் நிறம் அங்கே தடையாக இருக்கக்கூடாது.

இதற்கு மறுப்புச் சொல்வோர் இருக்கிறார்கள். தனியாக வரும் தொழிலாளியும் களைப்போடுதானே நிற்கிறார், அவருக்கு மட்டும் ஏன் சலுகை இல்லை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், பொது வரிசையில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் முகப்பை அடைந்ததும் பின்னால் நிற்கும் அந்தத் தொழிலாளியும் சேர்ந்தே தாமதமாகிறார். நேரம் எடுப்பவர்களைத் தனியே பிரித்துவிட்டால் மற்ற வரிசைகள் ஒரே சீராக நகரும். பாதுகாப்பு என்னாவது என்று கேட்போரும் உண்டு. குழந்தையை அழைத்து வருபவர் உண்மையிலேயே பெற்றோர்தானா என்று அதிகாரி உறுதிசெய்ய வேண்டியது கட்டாயம். தாய், தந்தை, பிள்ளை மூவரும் ஒரே முகப்பில் நிற்கும்போது அந்தச் சோதனை எளிதாகுமே தவிர, கடினமாகாது.

பிற நாடுகள் இதைச் செய்து பார்த்துள்ளன. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் 2024 மார்ச் முதல் மகிழுந்தில் வருவோர் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம். ஒரு வாகனத்தில் உள்ள பத்துப் பேர்வரை ஒரே குறியீட்டில் அடங்குவர். குடும்பத்தை ஒரே அலகாகக் கருதிய நல்ல ஏற்பாடு அது. துபாய் விமான நிலையம் 2023இல் சிறுவர்களுக்கென்றே குடிநுழைவு முகப்புகளை அமைத்தது. அங்கே பிள்ளைகள் தங்கள் கடப்பிதழில் தாங்களே முத்திரை இடலாம். இது வேடிக்கை போலத் தோன்றும். ஆனால், அழுது அடம்பிடிக்கும் பிள்ளையால் ஒரு வரிசையே தடுமாறுவதைக் கண்டவர் சிரிக்கமாட்டார்.

பயணிகளின் பொறுப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2024 ஜனவரி முதல் பெரும்பாலான வெளிநாட்டவர் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை நிரப்பிய பிறகே நாட்டிற்குள் நுழைய முடியும். வருவதற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி அட்டை உண்டு. இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது குடிநுழைவுத் துறையின் தளம் அன்று. ஊரிலிருந்து வரும் தாத்தாவுக்கு இதை நிரப்பத் தெரியாமல் போகலாம். இங்குள்ள பேரப்பிள்ளை கைப்பேசியில் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். அப்படி நிரப்பாமல் வந்திறங்கி, நடைபாதை ஓரத்தில் நின்று கடப்பிதழ் எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு விமான நிலையத்தைக் குறைகூற உரிமை கொஞ்சம் குறைவுதான்.

வெளியே வந்த பிறகுதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது. விமான நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு 57 கிலோமீட்டர். 2002 முதல் ஓடும் விரைவு இரயில் அத்தூரத்தை 28 நிமிடங்களில் கடக்கிறது. அது பெருமைக்குரிய சேவை. ஆனால், பெரியவர் ஒருவருக்கு வழக்கமான கட்டணம் ரிம 55. நால்வருக்கு ரிம 220. அவ்வளவு செலவு செய்து கேஎல் சென்ட்ரலில் இறங்கினாலும் புஞ்சாக் ஆலாம் இன்னும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளியே இருக்கிறது. அங்கிருந்து கேடிஎம் கொமுட்டர் ஏறிச் சுங்கை பூலோ வரலாம். பிறகு பேருந்தையோ வாடகை மகிழுந்தையோ தேட வேண்டும். ஊறுகாய் ஜாடியும் பட்டுப்புடவையும் அடைத்த 25 கிலோ பெட்டிகளை இப்படி ஏற்றி இறக்கி வருவது யாருக்கும் இயலாத செயல். நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரத்திற்கு அந்த விரைவு இரயிலும் ஓடுவதில்லை.

ஒரு சிறு இணைப்பு அறுந்தால்கூட என்ன ஆகும் என்பதை முனையம் 1 காட்டியிருக்கிறது. துணைக் கட்டடத்தையும் முதன்மைக் கட்டடத்தையும் இணைத்த ஏரோடிரெயின் எனும் சிற்றிரயில் 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 ஜூலையில்தான் மீண்டும் ஓடியது. இடைப்பட்ட காலத்தில் பயணிகள் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். அந்தக் குறுகிய தூரத்திற்கே நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. 70 கிலோமீட்டர் இணைப்பு இல்லாமல் இருப்பது மட்டும் எவர் காதிலும் விழவில்லை.

முழு வழியையும் ஒரே கணக்கில் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதியதன்று. கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் 1917இல் உருவான தென்னமரம் தோட்டமே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். அதன் பெயரே தமிழ்ப் பெயர். இத்தகைய தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவர 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் திரட்டிய அப்பணத்திலிருந்து தொழிலாளியின் கப்பல் கட்டணம் மட்டுமல்லாமல், துறைமுகத்திலிருந்து தோட்டம்வரை செல்லும் செலவும் கொடுக்கப்பட்டது. அன்பினால் செய்த ஏற்பாடு அன்று. கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. கப்பலில் அவர்கள் பட்ட பாடும் கொஞ்சமன்று. இருந்தாலும், பயணம் தோட்டத்து வாசலில்தான் முடிகிறது என்பதை அந்த முதலாளிகள் அறிந்திருந்தார்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாக 1970களின் தொடக்கம்வரை ஓடியது. அதில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நான்கு மணி நேரத்தில் கடலைக் கடந்துவிட்டு, நிலத்தைக் கடக்க வழி தேடுகிறார்கள்.

வழி இல்லாததால் உறவினர்கள் வருகிறார்கள். ஒருவரை அழைத்துவர வேன் நிறைய ஆள்கள் போவதைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. அதில் பாசம் இருக்கிறது; மறுக்க முடியாது. ஆனால், கட்டாயமும் இருக்கிறது. பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து வண்டி ஓட்டும் மாமா அன்று காலை வேலைக்குப் போக முடியாமல் விடுப்பு எடுப்பார். நாள் சம்பளக்காரராக இருந்தால் அன்றைய வருமானம் போகும். எண்ணெய்ச் செலவு, சாலைக் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் தனி. தூக்கக் கலக்கத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டும் ஆபத்தைப் பணத்தால் அளக்க முடியாது. விமானச் சீட்டு மலிவு என்று விளம்பரம் சொல்லும்போது இந்தச் செலவுகள் எதுவும் அதில் இருப்பதில்லை.

தீர்வாகச் சிலர் சுபாங்கைச் சுட்டுகிறார்கள். 2024 ஆகஸ்டு முதல் அங்கிருந்து மீண்டும் ஜெட் விமானங்கள் பறக்கின்றன. ஆயினும், முனையம் சிறியது, சுற்றிலும் குடியிருப்புகள். திருச்சி விமானங்கள் அங்கே வந்திறங்கும் என்று காத்திருப்பது விவேகமாகாது. வேறு சிலர் கிழக்குக் கரை இரயில் திட்டத்தைச் சொல்கிறார்கள். அத்திட்டத்தில் புஞ்சாக் ஆலாமுக்கு ஒரு நிலையம் உண்டு என்பது நல்ல செய்திதான். ஆனால், அந்தப் பாதை கோம்பாக்கிலிருந்து கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்வது, சிப்பாங்கை நோக்கியன்று.

பெரிய திட்டங்களுக்கு முன்பாக ஒரு பேருந்தைத் தொடங்கலாம். முனையம் 1, முனையம் 2 இரண்டிலும் நின்று, ஷா ஆலாம் வழியாகப் புஞ்சாக் ஆலாம், ஈஜோக், கோலா சிலாங்கூர்வரை ஓடும் பேருந்து. நாள் முழுவதும் ஓடத் தேவையில்லை. விடியற்காலை விமானங்கள் வந்திறங்கிய பின் ஒன்று, இரவில் புறப்படுவோருக்காக மாலையில் ஒன்று என்று ஆறு மாதங்கள் ஓட்டிப் பார்க்கலாம். பெட்டி வைக்கத் தாழ்வான இடமும், சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பலகையும் வேண்டும். ஏறுவதற்கு ஆள் இருக்குமா என்று கேட்கலாம். புஞ்சாக் ஆலாமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் இருக்கிறது. சபாவிலிருந்தும் சரவாக்கிலிருந்தும் வந்து படிக்கும் மாணவர்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் இதே 70 கிலோமீட்டரைக் கடந்துதான் விமானம் ஏறுகிறார்கள். திருச்சியிலிருந்து வரும் பாட்டிக்கும் கூச்சிங்கிலிருந்து வரும் மாணவிக்கும் தேவைப்படுவது ஒரே பேருந்துதான்.