நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்

போன மாதம் என்னிடம் படித்த ஒருவர் போன் செய்தார். "சார், பையனை மாமல்லபுரம் கூட்டிட்டுப் போனேன். பல்லவர் கட்டின கலங்கரை விளக்கத்தைக் காட்டி, நீங்க சொன்னதையே சொன்னேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆசிரியராக இருந்த காலத்தில் மேல்சித்தாமூரிலிருந்து திண்டிவனம் வழியாகப் பிள்ளைகளைப் பலமுறை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். கடலைப் பார்த்த பாறைக்குன்றின் மேல் இரண்டு கட்டடங்கள் இருக்கும். ஒன்று உயரமான, வட்டமான கலங்கரை விளக்கம். மற்றது மேல்தளம் இல்லாத பழைய கற்கோயில். அதைக் காட்டி, "பல்லவர் கப்பலுக்காகக் கட்டியது இதுதான்" என்பேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் என் தவறு தெரிந்தது. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே இருக்கும் அது, ராஜசிம்ம பல்லவன் காலத்துச் சிவன் கோயில். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் அதன் கூரையில் கப்பல்களுக்காக விளக்கு வைத்தார்கள். 1904-இல் பக்கத்துக் கோபுரம் வந்ததும் அந்த வேலை முடிந்தது.

வீட்டுக்கு உழக்கு எண்ணெய் வாங்கி அங்கே விளக்கேற்றியதால்தான் 'உழக்கெண்ணெய் ஈஸ்வரர்' என்ற பெயர் வந்தது என்பார்களே என்று கேட்பீர்கள். இருக்கட்டும். அந்த வெளிச்சம் படகுக்காரர்களுக்கும் உதவியிருக்கலாம். அதற்காக, கப்பலுக்கென்றே கட்டினார்கள் என்று சொல்லிவிட முடியுமா?

பெருமைக்கு நமக்குப் பஞ்சமில்லை. ராஜசிம்மனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, நீர்ப்பெயற்றுத் துறையில் ஏணி சாத்தி ஏறும் உயர்ந்த மாடத்தில் இரவில் எரிந்த விளக்கைப் பெரும்பாணாற்றுப்படை பாடியிருக்கிறது. அந்தத் துறை மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்களும் உண்டு. கரைதல் என்றால் அழைத்தல். கலங்களை அழைப்பதால் கலங்கரை விளக்கம். இவ்வளவு இருக்கும்போது, கோயிலுக்கு இல்லாத பட்டம் எதற்கு? ஒரு பொய் வெளிப்பட்டால், கூட இருக்கும் உண்மையையும் பிறர் நம்ப மாட்டார்கள்.

போனில் இதையெல்லாம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பையன்கிட்ட மாத்திச் சொல்லிடறேன் சார்" என்றார். என்னிடம் படித்த மற்றவர்களும் இதை வாசித்தால், தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.