சகுனி இல்லாத சூது

சூதின் தீமையைப் பேசாத தமிழ் வகுப்பு இல்லை. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் மனனம் செய்விக்கப்படுகிறது. தருமன் நாடிழந்த கதையும் நளன் காடேகிய கதையும் சொல்லப்படுகின்றன. 'சூதாட்டத்தின் தீமைகள்' என்னும் தலைப்பில் கட்டுரை ஒன்றும் எழுதி வாங்கப்படுகிறது. அத்துடன் கடமை முடிந்ததென்று ஆசிரியர் அமைதியுறுகிறார். கட்டுரை எழுதிய மாணவனோ மாலையில் கைப்பேசியைத் திறந்ததும், புதியவர்க்கு நூறு வெள்ளி இனாம் என்று அழைக்கும் இணையச் சூதாட்டக் கூடத்தின் விளம்பரத்தைக் காண்கிறான். மனனம் செய்த பத்துக் குறளும் அந்த நேரத்தில் அவனுக்குத் துணைவரும் என்று எந்த ஆசிரியரால் உறுதி கூற முடியும்?

குறை குறளில் இல்லை; அதனைப் பொழிப்புரையோடு நிறுத்திவிடும் பழக்கத்தில் உள்ளது. கதைகளைச் சொல்லும் முறையோ இன்னும் பொல்லாதது. தருமன் சகுனியின் வஞ்சத்தால் தோற்றான். நளன் கலியின் சூழ்ச்சியால் தோற்றான். இவ்விரண்டையும் கேட்ட மாணவன் கொள்ளும் முடிவு யாது? வஞ்சகன் இல்லாத இடத்தில் ஆடினால் வெல்லலாம் என்பதன்றோ! இணையக் கூடங்களும் அதனையே சொல்லி அழைக்கின்றன: எங்கள் ஆட்டம் நேர்மையானது, எங்கள் இயந்திரம் சோதிக்கப்பட்டது என்று. அவற்றுள் சில உண்மையையே சொல்லக்கூடும். ஆடுபவன் அங்கும் தோற்கவே செய்வான் என்பதுதான் வகுப்பில் கற்பிக்கப்படாத பாடம்.

ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. ஓர் எண்ணின்மீது 1 வெள்ளி வைத்து வென்றவனுக்கு, வைத்த வெள்ளியும் சேர்த்து 36 வெள்ளி கிடைக்கும். இதனை விளக்கக் கரும்பலகையும் வேண்டுவதில்லை. 37 மாணவர்க்கு ஆளுக்கோர் எண்ணும் ஒரு புளியங்கொட்டையும் கொடுத்து, கொட்டைகளைத் திரட்டிக்கொண்டு சீட்டுக் குலுக்கினால் போதும். வென்றவனுக்கு 36 கொட்டைகள் போகும். ஒன்று ஆசிரியர் கையில் எஞ்சும். எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கொட்டை எஞ்சிக்கொண்டே இருக்கும். வகுப்பு முழுவதும் வென்றவனையே நோக்கும். ஆசிரியர் கையிலுள்ள அந்த ஒன்றை நோக்குவார் இரார். அந்த ஒன்றுதான் கூடத்தின் ஆதாயம். 37இல் 1, அதாவது 2.7 விழுக்காடு.

இது சிறு தொகைதானே என்பர். விழுக்காடு எதன்மீது கணக்கிடப்படுகிறது என்று கேளாதவரே அவ்வாறு கூறுவர். அது கொண்டுவந்த பணத்தின்மீதன்று. வைத்த பந்தயம் ஒவ்வொன்றின்மீதும் விழுவது. 4 விழுக்காட்டு ஆதாயமுள்ள ஒரு சுழல் இயந்திர ஆட்டத்தில், 100 வெள்ளியோடு அமர்பவன் சுற்றுக்கு 1 வெள்ளியாக நிமிடத்துக்குப் பத்துச் சுற்று ஆடுவதாகக் கொள்வோம். வென்றதையும் மீண்டும் மீண்டும் வைப்பதால், ஒரு மணி நேரத்தில் அவன் வைத்த பந்தயம் 600 வெள்ளியாகிறது. சராசரி இழப்பு 24 வெள்ளி. கொண்டுவந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு!

இனி அந்த இனாமைப் பார்ப்போம். போனஸ் என்று பெயர் சூட்டப்பட்ட இது, தோட்டத்துத் தொழிலாளி உழைத்துப் பெற்ற போனஸைப் போன்றதன்று. 100 வெள்ளி கட்டினால் மேலும் 100 வெள்ளி தருவர். ஆனால் அதனை வெளியே எடுக்குமுன் அதன் முப்பது மடங்கு பந்தயம் வைத்தாக வேண்டும் என்பது போன்ற நிபந்தனை கீழே சிற்றெழுத்தில் கிடக்கும். முப்பது மடங்கென்றால் 3000 வெள்ளி. 4 விழுக்காட்டில் அதன் சராசரி இழப்பு 120 வெள்ளி. இனாமோ 100 வெள்ளிதான்! கட்டிய பணத்தையும் சேர்த்து முப்பதால் பெருக்குவோரும் உளர். அவ்வாறாயின் 6000 வெள்ளிக்குச் சராசரி இழப்பு 240, கையிருப்போ 200. ஆதாயம் குறைந்த ஆட்டத்தை ஆடித் தப்பலாம் என்றால், ரூலெட்டில் வைத்த 10 வெள்ளியை 1 வெள்ளியாகவே கணக்கில் கொள்ளும் விதியும் உண்டு. தவணை கடந்தால் இனாமும் அதனால் வென்றதும் பறிபோகும். வெற்றியைத் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்ட வள்ளுவரின் உவமைக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறு உண்டா? குறளும் கணக்கும் ஒரே பாடமாகச் சேரும் இடம் இது.

இவற்றைப் பள்ளியில் பேசினால் பிள்ளைகள் சூதாடக் கற்றுக்கொள்வர் என்று அஞ்சும் ஆசிரியர் உண்டு. அவ்வச்சம் கெந்திங் மலையில் மட்டும் சூதாட்டக் கூடம் இருந்த காலத்துக்கு ஒருவேளை பொருந்தியிருக்கும். அங்கே 21 வயது நிரம்பாதவனை வாயிலிலேயே தடுக்கக் காவலர் உளர். கைப்பேசிக்கு வாயிலும் இல்லை, காவலரும் இல்லை. சூதைக் கணித வகுப்பில் பேசுவது தகாது என்பாரும் உளர். நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்ததே, பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தைப் பங்கிடுவது பற்றி 1654இல் பாஸ்கலும் பெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்.

37 மாணவர் இல்லாத தோட்டப்புறப் பள்ளியில் ஒருவரே மூன்று நான்கு எண்களை வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கச் சக்கரத்தில் உள்ளவாறு இன்னொரு சுழியத்தையும் சேர்த்து 38 எண்களாக்கி, வென்றவனுக்கு அதே 36 கொட்டைகளைக் கொடுத்துப் பார்த்தால், ஆசிரியர் கையில் ஒன்றுக்கு இரண்டாக எஞ்சுவதை ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் எண்ணிச் சொல்லும்.