பாதி மறந்த பாட்டு



சென்ற மாதம் திருகோணமலை பாலையூற்றில் ஒரு பறங்கியர் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். சுயதொழில் கடனுக்கான விபரம் எடுப்பதுதான் என் வேலை. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தையல் மெசினில் இருந்தபடி ஏதோ பாடிக்கொண்டிருந்தார். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. "என்ன பாட்டம்மா?" என்று கேட்டதும் வெட்கத்தோடு நிறுத்திவிட்டார். "எங்கட பழைய பாசை மகள். இப்ப ஆருக்கும் விளங்காது" என்றார்.

அது இலங்கைப் போர்த்துக்கீசம். போர்த்துக்கீசர் திருகோணமலையில் 1624இல் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்சி போன பிறகும் அந்தப் பாசை போகவில்லை. ஒல்லாந்தர் தங்கள் மொழியைப் பரப்ப முயன்றும், வீட்டில் தாய்மாரும் ஆயாமாரும் பிள்ளைகளோடு பேசியது இதைத்தான். இன்று இது மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் சில குடும்பங்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. நாம் தினமும் சொல்லும் கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொற்களே.

அந்தப் பாசையோடு வந்ததுதான் கபிரிஞ்ஞா. கலியாண வீடுகளில் வயலின் வாசிக்க, ஆணும் பெண்ணும் ஜோடியாக நின்று ஆடுவார்கள். இதன் தாளத்தில் ஆபிரிக்கக் கலப்பும் உண்டு. நாடு முழுவதும் ஆடுகிற பைலாவுக்கு வேர் இதுதான். பைலாவை அறியாதவர் இல்லை. அதன் தாயை அறிந்தவர் எத்தனை பேர்?

"பிள்ளைகளுக்கு ஏனம்மா சொல்லிக் கொடுக்கவில்லை?" என்று கேட்டேன். "சின்ன வயசில பள்ளிக்கூடத்தில பறங்கி, பறங்கி எண்டு பகிடி பண்ணுவாங்கள். என்ர பிள்ளையளுக்கும் அது வேண்டாம் எண்டு தமிழிலயே கதைச்சன்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் தாய்மார் காத்த பாசையை ஒரு தாயே வாய்க்குள் பூட்டிவைத்தார். பூட்ட வைத்தது அயலவர்களாகிய நமது பகிடி.

2010களில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பாசையையும் பாடல்களையும் பதிவு செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் பதிவு பெட்டிக்குள் இருக்கும். பாட்டு வாயில் இருந்தால்தான் பிள்ளைக்குப் போகும்.

பறங்கியர் குடும்பத்துச் சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளை அம்மம்மாவின் பக்கத்தில் இருத்துங்கள். சொல்லின் பொருளையும் ஆட்டத்தின் அடியையும் கேட்டு எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் பிடித்து வையுங்கள். கலியாண வீட்டில் இசைத்தட்டு போடுமுன் ஒரு கபிரிஞ்ஞாவாவது ஆடுங்கள். மற்றச் சகோதரிகளே, மாதர் சங்க விழாக்களுக்கு அவர்களை அழையுங்கள். வேடிக்கை பார்க்க அல்ல, கூட நின்று கற்றுக்கொள்ள.

அன்று நான் புறப்படும்போது பேத்தி கேட்டுக்கொண்டதால் அந்த அம்மா மூன்று பாட்டுப் பாடினார். மூன்றாவது பாட்டு பாதியில் நின்றது. மிச்சம் ஞாபகத்தில் இல்லை. அதைத் தெரிந்த அக்கா இறந்து நான்கு வருடமாம்.

மீதி இரண்டையாவது பேத்தி பிடித்துக்கொள்ளட்டும்.